மலையில்லா நாட்டு மாணாக்கரும் புலத்திநகர்க் குகையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளரும் பிள்ளை மலையைக் காண்பதில்லை. கீரிமலை என்னும் பெயரிலே மலை உண்டு. அவ்வூரிலே மலை இல்லை. எம் நிலத்தின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். அது மழைநீரை உறிஞ்சித் தன் வயிற்றிலே சேமித்து வைத்துக் கிணறுகளின் வழியாக எமக்குத் தருகின்றது. எம் தோட்டங்களை வாழ்விப்பது அதுவே. ஆயின், சிற்பி ஒருவன் உளி கொண்டு நாற்பத்தாறடி நீளமான உருவம் ஒன்றை வகுத்தெடுப்பதற்கு வேண்டிய வன்பாறையை அது தருவதில்லை. ஆதலின், பாறையைக் குடைந்து கோயிலாக்கும் கலையை எம் மாணாக்கர் வரலாற்று நூலிலே படிக்கின்றனரேயன்றிக் கண்ணாற் கண்டறிதல் அரிதாயிற்று. அதனைக் காணவேண்டுமாயின் ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்லல் வேண்டும்.

அங்ஙனம் செல்வதும் எக்காலத்தும் எளிதாயிருந்ததன்று. கண்டி வீதி போர்க்காலத்திலே நெடுநாள் அடைபட்டுக் கிடந்தது; 2002-ஆம் ஆண்டிலே திறந்தது; 2006-ஆம் ஆண்டிலே மீண்டும் அடைபட்டது; 2009-ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்திலே இக்கல்லூரியிற் பயின்று வெளியேறிய மாணாக்கர் பலர், தம் நாட்டின் பழந்தலைநகரங்களை ஒருமுறையேனும் பாராமலே கடல் கடந்து சென்றுவிட்டனர். இதனை ஒரு குறையாகவே யாம் கருதுகின்றோம்.

வீதி திறந்த பின்னர் யாமும் ஒருமுறை மாணாக்கர் நாற்பதின்மரை அழைத்துக்கொண்டு பொலன்னறுவைக்குச் சென்றோம். அப்பயணத்தைப் பற்றிப் பெருமையாகக் கூறுவதற்கு ஒன்றுமில்லை. ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிடலாம் என எண்ணினோம். பஸ் வண்டி ஓரிடத்தில் நிற்கும், பிள்ளைகள் இறங்குவர், படம் எடுப்பர், சாரதி ஒலியெழுப்புவார், மீண்டும் ஏறுவர். கல்விகாரையில் நாம் நின்றது இருபது நிமிடம். திரும்பி வந்ததும், கண்டதைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தோம். ஒரு மாணவன், "பெரிய கல் ஒன்று படுத்திருந்தது; வெயில் மிகக் கொடியது" என எழுதினான். இன்னொருவன், "அங்கே ஒரு சிவன் கோயில் இருந்தது. அதைக் கட்டியவர் யார் எனக் கேட்டேன். பஸ் புறப்பட்டுவிட்டது" என எழுதினான். மூன்றாமவன் ஒரே வாக்கியத்தோடு நிறுத்திவிட்டான்: "அது எங்களுடையது அன்று, ஆகையால் நான் பார்க்கவில்லை."

முதலிரு விடைகளைப் படித்து நாணினோம். மூன்றாம் விடை எம்மை உறங்க விடவில்லை. பிழை பிள்ளைகள்மேலதன்று. காண்பதற்கு வேண்டிய ஆயத்தத்தை யாம் செய்து கொடுத்திலோம். செய்திருந்தால், அவன் அவ்வாறு எழுதியிருக்க மாட்டான். அன்றியும், எழுதுவதாயினும் பார்த்த பின்பு எழுதியிருப்பான். இனி ஒருமுறை செல்வதாயின் எவ்வாறு செல்லல் வேண்டும் என்பதை அன்றிலிருந்து ஆராய்ந்து வந்தோம். அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை. ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விடுமுறையில் ஊர் திரும்பும் பழைய மாணவர்க்கும் இது பயன்படுமாயின் மகிழ்வோம்.

முதற் பாடம்: அண்மையிலிருந்து தொடங்குக

தொலைவிலுள்ளதைக் காணச் செல்பவர் முதலில் அண்மையிலுள்ளதைக் காணல் வேண்டும். ஆதலால், எம் பயணத்தின் முதற்பகுதி சுன்னாகத்துக்கு அணித்தாயுள்ள கந்தரோடையில் நிகழும். மாணாக்கர் துவிச்சக்கரவண்டியிலேயே சென்று மீளலாம். பனைகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே, சிறியவும் பெரியவுமான வட்டவடிவத் தூபிகள் அங்கே கூட்டமாக நிற்கின்றன. போல் பீரிஸ் என்னும் அறிஞர் 1917-ஆம் ஆண்டு முதலாக அவ்விடத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளால் அது உலகறிய வந்தது. அத்தூபிகளைப் பார்த்துவிட்டு மாணவன் ஒரு வினாவைத் தன்னுள்ளே எழுப்பிக்கொள்ளல் வேண்டும்: பௌத்தம் என்பது எப்போதும் பிறருடையதாகவே இருந்ததா?

இல்லை என்பதே வரலாறு தரும் விடை. பண்டைத் தமிழரிற் பௌத்தர் இருந்தனர். காஞ்சியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகபட்டினத்திலும் அவர்தம் பள்ளிகள் இருந்தன. தமிழின் பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை பௌத்த காப்பியம். அதிற் கூறப்படும் மணிபல்லவத்தை எம் நயினாதீவெனக் கருதும் அறிஞரும் உளர். சைவர்களாகிய நாம் சைவர்களாகவே நின்று, எம் முன்னோர் ஒருகாற் பயின்ற நெறியொன்றின் கலையை நோக்குவதில் இழுக்கு யாதும் இல்லை.

இரண்டாம் பாடம்: கல்லை அறிக

குகைக்கோயில்கள் ஒரே வகையின அல்ல. இயற்கையாக அமைந்த பாறைக்குடைவைத் திருத்தி, சுவர் எழுப்பி, சுதை பூசி, வண்ணந்தீட்டிக் கோயிலாக்குதல் ஒரு வகை. தம்புள்ளை இவ்வகைக்கு உதாரணம். உயர்ந்து நீண்ட பாறை ஒன்றின் கீழே ஐந்து குகைகள் அங்கே வரிசையாக உள்ளன. மழைநீர் பாறைமுகப்பு வழியாக உள்ளே ஒழுகாதவாறு, முகப்பின் மேலே நீர்வடி விளிம்பொன்றை வெட்டி வைத்தனர். அவ்விளிம்பின் கீழே பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கோடிக்கணக்கான மழைத்துளிகளை விரலளவு விளிம்பொன்று ஈராயிரம் ஆண்டுகளாகத் திருப்பிவிடுகின்றது. மாணவன் ஓவியங்களைக் காணுமுன் இவ்விளிம்பைக் காணல் வேண்டும். அஃதின்றேல் ஓவியங்களும் இன்றாம்.

வன்பாறையை உளியாற் குடைந்தே குகையை உண்டாக்குதல் மற்றொரு வகை. பொலன்னறுவைக் கல்விகாரையிலே பெரும்பாறையொன்றின் முகத்தை ஏறக்குறையப் பதினைந்தடி ஆழத்துக்கு வெட்டிச் செங்குத்தாக்கி, அதிலே நான்கு உருவங்களை வடித்துள்ளனர். பராக்கிரமபாகு மன்னன் (1153 - 1186) காலத்துப் பணி அது. அமர்ந்த நிலையிலுள்ள பெரிய உருவம் பதினைந்தடிக்குச் சற்று அதிகமான உயரம். நிற்கும் உருவம் ஏறக்குறைய இருபத்து மூன்றடி. கிடந்த உருவம் நாற்பத்தாறடி. இவற்றுக்கிடையே வித்தியாதர குகை எனப்படும் சிறு குடைவொன்று உண்டு. அதனுள்ளே ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ள புத்தர் அமர்ந்திருக்கின்றார்.

பெரியவற்றைப் பார்த்து வியந்து சிறியதைப் பாராது சென்றுவிடுதல் பயணிகள் இயல்பு. யாமும் அன்று அதனையே செய்தோம். அச்சிறிய குகையிலே, புத்தருக்கு இருபுறமும் நான்கு கரங்களுடைய தேவர் இருவர் நிற்கின்றனர். ஒருவரைப் பிரமன் எனவும் மற்றவரை விட்டுணு எனவும் அறிஞர் இனங்காண்பர். சைவப் பிள்ளைக்கு அறிமுகமான முகங்கள் அப்பௌத்தக் குகையினுள்ளேயே அவனை எதிர்பார்த்து நிற்கின்றன. யாம் அவனை அங்கே அழைத்துச் சென்றிலோம்.

மூன்றாம் பாடம்: உருவத்தை வாசிக்கப் பழகுக

எழுத்தை வாசிப்பதுபோலவே உருவத்தையும் வாசிக்கப் பழகல் வேண்டும். கல்விகாரையிற் கிடந்த உருவத்தை எடுத்துக்கொள்வோம். "படுத்திருக்கின்றார்" என்று கூறினால் ஆசிரியர் விடக்கூடாது. உறங்குகின்றாரா, இறந்தனரா என வினவல் வேண்டும். பாதங்களைக் கூர்ந்து நோக்கினால், மேற்பாதம் கீழ்ப்பாதத்தோடு ஒத்து நில்லாது சற்றே பின்வாங்கியிருத்தல் தெரியும். உறங்குபவர் பாதங்கள் ஒன்றன்மேலொன்று ஒத்திருக்கக் காட்டுதல் மரபு. பின்வாங்கிய பாதம் பரிநிருவாணத்தைக் குறிக்கும். தலையணையை நோக்கினால், தலையின் பாரத்தால் அது அமுங்கியிருத்தல் தெரியும். கல்லின்மேற் கல் வைத்து மென்மையைக் காட்டிய சிற்பியின் கைத்திறன் அங்கே விளங்கும். "பெரிய கல் படுத்திருந்தது" என்றெழுதிய மாணவன் இவ்விரண்டையும் ஒருமுறை கண்டிருப்பானாயின், கல் என்ற சொல்லை எழுதத் தயங்கியிருப்பான்.

நிற்கும் உருவம் இன்னும் கடினமான பாடம். கரங்களை மார்பின்மேல் மடித்து நிற்கும் அதன் நிலை அரிதானது. ஆசான் பிரிவதைக் கண்டு வருந்தி நிற்கும் ஆனந்தர் அவர் என்பார் ஒரு சாரார். தாமரைப் பீடம் தனியே இருத்தலாலும், நான்கு உருவங்களும் முற்காலத்திலே தனித்தனிக் கோயில்களாகச் செங்கற் சுவரால் அடைக்கப்பட்டிருந்தமையாலும், அவர் புத்தரே என்பார் மற்றொரு சாரார். பேரறிஞர் பரணவிதான, பிறர் துயருக்காகத் துயருறும் கருணையை அந்நிலை காட்டுகின்றது எனக் கொண்டார். மாணவன் எப்பக்கம் சேர்ந்தாலும் ஒக்கும். ஆயின், காரணம் கூறிச் சேர்தல் வேண்டும்.

நான்காம் பாடம்: நகரின் கதையில் எம் பங்கு

இனிச் சிவன் கோயிலைப் பற்றிய வினாவுக்கு வருவோம். முதலாம் இராசராச சோழன் படை 993-ஆம் ஆண்டளவில் இலங்கையின் வடபாகத்தைக் கைப்பற்றியது. 1017-ஆம் ஆண்டளவில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். சோழர் அநுராதபுரத்தை விடுத்துப் பொலன்னறுவையைத் தலைநகராக்கிச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். இரண்டாம் சிவாலயம் எனத் தொல்லியலார் குறிக்கும் சிறிய கற்கோயில் வானவன்மாதேவீச்சரம். இராசேந்திர சோழனின் அன்னை பெயரால் அமைந்தது. அங்கே அதிராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. 1070-ஆம் ஆண்டில் விசயபாகு மன்னன் நகரை மீட்டான். சோழராட்சி மறைந்தது, கோயிலோ மறைந்திலது. பொலன்னறுவையில் இன்று முழு வடிவோடு நிற்கும் மிகப் பழைய கட்டடங்களுள் அதுவும் ஒன்று. 1907, 1908-ஆம் ஆண்டுகளில் அந்நகரின் சிவாலயங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர், நாயன்மார் முதலிய வெண்கலப் படிமங்கள் கொழும்பு நூதனசாலையை அலங்கரிக்கின்றன. அவற்றின் பொருளைச் சேர். பொன்னம்பலம் அருணாசலம் ஆங்கிலத்தில் விரித்தெழுதி மேலைநாட்டார்க்கு உணர்த்தினார்.

இவ்வளவைக் கூறி நிறுத்திவிட்டால் அது பாடமாகாது, தற்புகழ்ச்சியாம். சோழர் படை அநுராதபுரத்து விகாரைகளைச் சூறையாடியதைச் சூளவமிசம் கூறுகின்றது. 1215-ஆம் ஆண்டளவில் மாகன் என்பானின் படை பொலன்னறுவையை அழித்ததையும் கூறுகின்றது. அப்படைகளிலே தமிழர் இருந்தனர். இதனைக் கூறுதற்கு நாம் நாணவேண்டியதில்லை. மறைத்தற்கே நாணல் வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் 1621-ஆம் ஆண்டில் இடித்தனர் என்பதை எம் பிள்ளைகள் மறவாது கூறுவர். கோயில் இடிபட்டவர் படும் நோவை நாம் அறிவோம். அறிந்தவர், பிறருடைய நோவை அறியாதவர்போல் நிற்றல் தகாது.

அதே நகரிலே மற்றொரு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. வேளைக்காரர் கல்வெட்டு என்பது அதன் பெயர். புத்தரின் பல்லைப் போற்றி வைத்த கோயிலைத் தாம் காத்துநிற்போம் எனத் தமிழ்ப் படைவீரர் உறுதிகூறித் தமிழிலே பொறித்துவைத்த சாசனம் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது. விகாரையைச் சூறையாடிய படைவீரரும் தமிழர். விகாரையைக் காப்போம் என ஆணையிட்ட படைவீரரும் தமிழர். "எங்களுடையது அன்று" என எழுதிய மாணவனை அக்கல்லின் முன்னே நிறுத்தி, அவ்வெழுத்தை அவன் வாயாலேயே வாசிப்பிக்க விரும்புகின்றோம்.

தம்புள்ளையிலும் இத்தகைய சோதனை ஒன்று உண்டு. இரண்டாம் குகை ஏறக்குறைய 52 மீற்றர் நீளமும் 7 மீற்றர் உயரமும் உடையது. அதன் ஓவியங்களுள்ளே துட்டகைமுனு எல்லாளனோடு பொருத காட்சியும் இடம்பெறுகின்றது. அதனைக் கண்டு எம் பிள்ளைகளில் ஒருவன் முகம் சுளிக்கலாம். ஒருவன் ஏளனம் பேசலாம். ஆதலால் முன்னரே கூறிவைத்தல் வேண்டும்: எல்லாளனின் நடுநிலை தவறாத நீதியைப் புகழ்வதும், வீழ்ந்த அவனுக்குத் துட்டகைமுனு ஈமக்கடன் செய்து, அவ்விடத்தைக் கடப்போர் மரியாதை செய்யப் பணித்தான் எனக் கூறுவதும் மகாவமிசமே. மேலும், தம்புள்ளை ஓவியங்களிற் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டிலே கீர்த்தி சிறீ இராசசிங்க மன்னன் காலத்திற் புதுப்பிக்கப்பட்டது. அம்மன்னன் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வழியினன். அதே குகையில் விட்டுணுவுக்கும் உருவம் உண்டு. யாத்திரிகர் மாலை சாத்துவர்.

சீனத்துக் குகையொன்றின் சான்று

இவ்வாறு ஒரு நெறியின் கோயிலில் மற்றொரு நெறியின் தெய்வங்கள் இடம்பெறுதல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டின் சான்சி மாகாணத்திலே தாதொங் என்னும் பழம்பெரு நகரம் உண்டு. பிங்செங் என்னும் பழம்பெயரோடு 398-ஆம் ஆண்டு முதல் 494-ஆம் ஆண்டு வரை வட வெய் அரசரின் தலைநகராக விளங்கியது அதுவே. அந்நகருக்கு மேற்கே ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தொலைவில் யுன்காங் குகைகள் உள்ளன. 446-ஆம் ஆண்டிலே அரசன் ஒருவன் பௌத்தத்தை அழிக்க முற்பட்டான். 452-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய அவன் பெயரன் அதனை மீட்டான். தான்யாவோ என்னும் துறவியின் மேற்பார்வையில் 460-ஆம் ஆண்டளவில் முதல் ஐந்து குகைகள் குடையப்பட்டன. நாளடைவில் அவை பெருகின. பெருங்குகைகள் மட்டும் நாற்பத்தைந்து. சிற்றுருவம் பேருருவம் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 51,000. எம் சிற்பிகள் பொருத வன்பாறை போலன்றி அங்குள்ளது மணற்கல். உளிக்கு இணங்குவது, காற்றுக்கும் மழைக்கும் இணங்கித் தேய்வது.

யுன்காங்கின் எட்டாம் குகை வாயிலிலே, ஒருபுறத்தில் மூன்று முகமும் எட்டுக் கரமும் உடைய தேவர் எருதின்மேல் அமர்ந்திருக்கின்றார். அவரை மகேசுவரன் என்பர். மறுபுறத்தில் ஐந்து முகமும் ஆறு கரமும் உடைய தேவர் பறவையொன்றின்மேல் அமர்ந்திருக்கின்றார். அவரைக் குமாரன் எனப் பலரும், கருடன்மேல் அமர்ந்த விட்டுணு எனச் சிலரும் கருதுவர். சீனத்தின் மேற்றிசை எல்லையிலுள்ள துன்குவாங் நகரின் குகைகளுள் 285-ஆம் இலக்கக் குகையிலே, 538, 539 ஆகிய ஆண்டுகள் எழுதப்பட்டுள்ளன. அக்குகைச் சுவரிற் சிவனோடும் குமாரனோடும் ஆனைமுகக் கடவுளும் வண்ணத்தில் விளங்குகின்றார். நல்லூரிலே மயில்வாகனனைத் தொழும் பிள்ளைக்கு இச்செய்தி எத்துணை வியப்பைத் தரும்!

இலங்கைக்கும் அந்நகருக்கும் தொடர்பு இருந்தது. 455-ஆம் ஆண்டளவிற் சிங்கநாட்டிலிருந்து, அஃதாவது இலங்கையிலிருந்து, பிக்குகள் ஐவர் மூன்று புத்த படிமங்களை ஏந்திக்கொண்டு வட வெய் தலைநகரை அடைந்தனர் என அந்நாட்டு அரச வரலாறு கூறுகின்றது. குகைகள் தொடங்குதற்கு ஏறக்குறைய ஐந்தாண்டு முன் நிகழ்ந்தது அது. ஆயினும், அப்படிமங்களைப் பார்த்தே அக்குகைகள் வடிக்கப்பட்டன எனத் துணிதல் கூடாது. அதற்குச் சான்று போதாது. சான்று செல்லும் எல்லையோடு நிற்பதும் ஒரு கல்வி.

இதற்கு முன்னரே சீனத் துறவி பாகியன் இலங்கையில் ஈராண்டு தங்கினார். 399-ஆம் ஆண்டிலே தாய்நாட்டை நீங்கிய அவர், அநுராதபுரத்து அபயகிரி விகாரையில், பச்சைமணிப் புத்தர் முன்னே வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டார். தாய்நாட்டை நினைந்து கண்ணீர் சிந்தினார். கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை.

பிற்காலத்தும் இவ்வுறவு தொடர்ந்தது. எம் தீவகத்து அல்லைப்பிட்டியிலே 1977-ஆம் ஆண்டில் சொங் அரசர் காலத்துச் சீன மட்கலத் துண்டுகள் வெளிப்பட்டன. சீனத்துச் சுவன்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று சிவாலயம் அமைத்ததைக் கூறுகின்றது. காலியிலே 1911-ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட 1409-ஆம் ஆண்டுக் கல்லிலே, சீனத் தளபதி செங் கே கொணர்ந்த காணிக்கைகள் மூன்று மொழிகளில் எழுதப்பட்டுள்ளன. சீன மொழியிலே புத்தருக்கும், தமிழிலே தேனவரை நாயனாருக்கும், பாரசீக மொழியிலே அல்லாகுவுக்கும் அவை உரியன எனக் கூறுகின்றது அக்கல். ஒரு கல்லில் மூன்று மொழி; மூன்று வழிபாடு.

பழைய மாணவருள் எவரேனும் பீக்கிங் செல்ல நேர்ந்தால், அங்கிருந்து விரைவு இரயிலில் ஏறக்குறைய இரண்டு மணிநேரத்தில் தாதொங்கை அடையலாம். மாரிக்குளிர் கொடியது, இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ செல்க. எட்டாம் குகை வாயிலில் நின்று இருபுறமும் நோக்குக.

வழியும் நாட்களும்

யாம் வகுத்துள்ள பயணம் இரண்டு இரவும் மூன்று பகலும் கொண்டது. ஐந்து இடங்களை ஒரே நாளிற் காணும் ஆசையை விட்டொழித்தோம். பொலன்னறுவை, தம்புள்ளை என்னும் இரண்டே போதும்.

முதல் நாள் விடியுமுன் புறப்பட்டு, கண்டி வீதி வழியே கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி கடந்து மரதன்கடவலையை அடைந்து, அங்கே கிழக்கே திரும்பி, கபரணை, மின்னேரியா வழியாகப் பொலன்னறுவை சேரலாம். பிற்பகலில் வெயில் தணிந்ததும் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கரையில் நடத்தல் வேண்டும். கிணற்று நீரையே அறிந்த பிள்ளைகள், கடலெனப் பெயர்கொண்ட அக்குளத்தைக் கண்டாலன்றி, இத்தனை கோயிலையும் கட்டிய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை உணரார்.

இரண்டாம் நாட் காலையில் கல்விகாரை. பாறை சூடேறுமுன் அங்கே இரண்டு மணிநேரம் இருத்தல் வேண்டும். பின்னர் வேளைக்காரர் கல்வெட்டு, நண்பகலில் நூதனசாலையின் நிழல், மாலையில் வானவன்மாதேவீச்சரம். மூன்றாம் நாட் காலையிலே தம்புள்ளை சென்று படியேறிக் குகைகளைக் கண்டு, நண்பகலின் பின் ஊர் திரும்பலாம். தம்புள்ளையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர்.

காலம் மாசி, பங்குனி நன்று. வடகீழ்ப்பருவ மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, நிலம் பசுமையாயிருக்கும். பூரணை நாட்களிலே அடியவர் கூட்டம் மிகுதி; வழிபட வருவோர்க்கு நாம் இடையூறாகாதவாறு வேறு நாள் தெரிதல் நலம். தங்குமிடத்துக்கும், நுழைவதற்கு வேண்டிய அனுமதிக்கும் முன்னதாகவே கல்லூரியின் பெயராற் கடிதம் எழுதிவைத்தல் வேண்டும். கட்டுச்சோறும் குடிநீரும் உடன் செல்லல் வேண்டும்.

ஒழுக்கம் பற்றியும் சில கூறுவோம். தோளும் முழங்காலும் மறையும் வெண்ணிற உடை தகும். பாதரட்சையும் தொப்பியும் களைதல் வேண்டும். பாறை சுடுமாதலால் தடித்த காலுறை கொண்டு செல்க. புத்தருருவத்துக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தல் பெருங்குற்றம். ஓவியங்களின்மேல் மின்னொளி பாய்ச்சலாகாது, விரலாலும் தொடலாகாது. எம் மூலத்தானத்திலே பிறர் எவ்வாறு நடக்கவேண்டும் என எதிர்பார்ப்போமோ, அவ்வாறே பிறர் கோயிலில் நாமும் நடத்தல் முறை.

குறிப்பேட்டுக்குரிய வினாக்கள்

ஒவ்வொரு மாணவனும் ஒரு குறிப்பேடும் கரிக்கோலும் கொண்டு செல்வான். படக்கருவி முதல் ஒரு மணிநேரம் பஸ் வண்டியிலேயே இருக்கும். கண் கண்டதைக் கை வரையுமாயின் மனம் மறவாது. அவன் விடைகாண வேண்டிய வினாக்கள் ஆறு.

1. கல்விகாரைப் பாறையில் உளியின் தழும்பு எங்கே தெரிகின்றது? அங்கே வேலை ஏன் நிறைவுறாதது போற் காணப்படுகின்றது?

2. கிடந்த உருவத்தின் இரு பாதங்களையும் வரைக. அவை ஒத்துள்ளனவா?

3. நிற்கும் உருவம் எவருடையது? நீ கண்ட சான்றுகளை மட்டும் கூறி விடையளிக்க.

4. வித்தியாதர குகையில் நீ முன்னரே அறிந்த தெய்வங்கள் எவை? அவற்றை எதனால் இனங்கண்டாய்?

5. வேளைக்காரர் கல்வெட்டில் உன்னால் வாசிக்க இயன்ற எழுத்துகளை எழுதுக. இன்றைய எழுத்திலிருந்து அவை எவ்வாறு வேறுபடுகின்றன?

6. தம்புள்ளையின் நீர்வடி விளிம்பை ஒரு நாள் மூடிவிட்டால், நூறாண்டின் பின் குகையினுள்ளே யாது நிகழும்?

இவ்வினாக்களிலே "இது யாருடையது?" என்பது இல்லை. அதனை வேண்டுமென்றே விடுத்தோம். அவ்வினாவுக்கு விடைகூறுவதற்கு ஆயிரம் பேர் ஆயத்தமாயிருக்கின்றனர். அவர்களிற் பலர் அவ்விடங்களை நின்று பார்த்தவரல்லர். எம் மாணாக்கர் முதலிற் பார்க்கட்டும். பாதத்தையும் தலையணையையும் விளிம்பையும் எழுத்தையும் பார்க்கட்டும். பார்த்தவன் பேசும் பேச்சிலே ஓர் அடக்கம் தானே வந்து சேரும். அவ்வடக்கம் இல்லாமையால் இந்நாடு இழந்தவை பல என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வருகின்ற மாசி மாதத்திலே மீண்டும் புறப்படக் கருதியுள்ளோம். கந்தரோடைப் பாடம் தை மாதத்திலே தொடங்கும். வண்டியில் இடம் நாற்பது. அவற்றிலே சிலவற்றைப் பழைய மாணவர்க்கென ஒதுக்கி வைத்துள்ளோம். "அது எங்களுடையது அன்று, ஆகையால் நான் பார்க்கவில்லை" என அன்றெழுதிய மாணவரும் இன்று எம் பழைய மாணவருள் ஒருவர். இம்மலர் அவர் கையையும் எட்டும். அவரை அன்று இருபது நிமிடமே நிறுத்திய பிழை எம்முடையது. இம்முறை இரண்டு மணிநேரம் தருகின்றோம். அவர் வரல் வேண்டும்.